மேல்காற்றும் ஒரு சிவப்புப் பலூனும்

தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வது மதுரைக்காரர்களின் வழக்கம். செல்லூரிலிருந்து ஒத்தக்கடை எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். மைல் கணக்கை யாரும் சொல்ல மாட்டார்கள். "சைக்கிள்ல போனா முக்கா மணி நேரம்" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவன்தான். வானிலைக் கண்காணிப்பில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் விமானத்தைப் பற்றி யாராவது அப்படிப் பேசினால் மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

போன மாதம் எங்கள் நிலையத்தில் இப்போது வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மேலே போகும் பலூனை இனிமேல் ரேடார் பார்த்துக்கொள்ளுமாம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும் வேலை இல்லையாம். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, என் கழுத்து வலி அவர்களுக்கு வராது. பேச்சுவாக்கில் ஒருவர், "சார், யுத்த காலத்துல கொழும்புலருந்து கராச்சிக்கு பிளேன்ல எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டார். யோசிக்காமலே என் வாயிலிருந்து வந்த பதில், "எந்த உயரத்துல?" என்பது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பதில் என்னுடையதல்ல. அது தாமோதரன் சாருடையது. அவர் யார் என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கேயே குமாஸ்தாவாகவும் இருந்தேன். யுத்தம் வந்து, ஊருக்குத் தெற்கே பொட்டல் காட்டைச் சமன் செய்து விமானத் திடல் போட்டபோது, கணக்குத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்றார்கள். மனு போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். பூனாவில் சில மாதம் பயிற்சி. அந்தப் பயிற்சியில் நான் கற்றது கோணங்கள், பட்டது சப்பாத்தி, அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. திரும்பி வந்து நின்ற இடம், ஓடுபாதையின் கிழக்கு முனையில் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. அதற்கு அதிகாரி தாமோதரன் சார்.

பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட ஐந்து வயது இளையவர். முதல் நாள் அவரைப் பார்த்ததும், இந்தப் பையனிடமா கைகட்டி நிற்பது என்று மனசுக்குள் முறுக்கிக்கொண்டேன். அந்த முறுக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. 'சுமாராக', 'ஏறக்குறைய' என்ற வார்த்தைகள் அவர் வாயில் வந்தும் கேட்டதில்லை. தெரிந்தால் தெரியும் என்பார், தெரியாவிட்டால் "பாத்துச் சொல்லுதேன்" என்பார். மேகத்தைப் பார்த்து மழை வருமா என்று டீக்கடைக்காரர் கேட்டால்கூட, வரும் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார். இரண்டு நிமிடம் அண்ணாந்து நின்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். டீ ஆறிப் போகும்.

எங்கள் வேலை இதுதான். விடிந்ததும் ஒரு பலூனில் ஹைட்ரஜன் வாயுவை நிரப்புவோம். எவ்வளவு நிரப்பினால் எவ்வளவு வேகத்தில் ஏறும் என்பது கணக்கு. அதற்காகப் பலூனின் அடியில் ஓர் எடையைக் கட்டிப் பார்ப்போம். எடையோடு சேர்ந்து மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் அந்தரத்தில் நின்றால் அளவு சரி. நீல வானத்துக்கு வெள்ளைப் பலூன், வெண்மேகத்துக்குச் சிவப்பு, மூடிக்கிடக்கும் வானத்துக்குக் கறுப்பு. விட்ட பிறகு, கோணம் காட்டும் தொலைநோக்கி ஒன்றில் ஒருவர் கண்ணை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தரம் அவர் கோணத்தைச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பலூன் எந்த உயரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு ஓடியது என்று வரைந்து பார்த்தால், அந்த உயரத்துக் காற்று நம் கைக்கு வந்துவிடும்.

கோணம் சொல்லும் ஆள் இடையில் இமைத்துப் பலூனைத் தவறவிட்டால் அன்றைய காலை போச்சு. தாமோதரன் சார் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. பலூன் புள்ளியாகி, புள்ளியும் மங்கி, என் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போன பிறகும் அவர் கோணம் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் "போயிட்டு" என்பார், போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் திசையைப் பார்த்தபடி நிற்பார். ஊருக்குப் போகும் உறவினரின் வண்டி தெரு முனை திரும்பும்வரை வாசலில் நிற்போமே, அப்படி.

இதெல்லாம் எதற்கு என்று கோச்சடை வீட்டில் என் அம்மாவுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கொழும்புக்கும் கராச்சிக்கும் வான்வழியில் ஆயிரத்தைந்நூறு மைல். கப்பலும் ரயிலுமாக மாறி மாறிப் போனால் ஒரு வாரம் ஆகும். விமானம் எரிபொருளுக்காக இடையிடையே இறங்கி ஏறியும் மறுநாளே போய்விடும். தூரம் மாறாது, ஆனால் நேரம் மாறும். காற்று முதுகில் தள்ளினால் சீக்கிரம், முகத்தில் அடித்தால் தாமதம். "அதே ரோட்டுல போறதுக்கு ஒரு நேரம், வாரதுக்கு ஒரு நேரமாடா?" என்று அம்மா நம்பாமல் கேட்டாள். ஆடி மாதத்தில் ஒத்தக்கடைக்குச் சைக்கிளில் போய்விட்டுத் திரும்பி வரும்போது எதிர்காற்றில் நான் நாக்குத் தள்ளியதை ஞாபகப்படுத்தினேன். அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

அதனால்தான் எந்த விமானி வந்து எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டாலும் தாமோதரன் சார் முதலில் "எந்த உயரத்தில்?" என்று திருப்பிக் கேட்பார். வெள்ளைக்காரர்கள் சிலருக்கு அது எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவர் சொன்ன நேரத்துக்குத் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆடி மாதம் அது. கொழும்பிலிருந்து ஒரு சின்ன விமானம் வந்து இறங்கியது. உள்ளே காயம்பட்ட சிப்பாய்கள் நான்கு பேர், படுத்தபடி. கராச்சியிலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவர்களைக் கொண்டுபோக வேண்டும். கூட வந்த நர்ஸுக்கு வழியிலேயே காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸை அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். அங்கே வேலை பார்த்த என் தங்கை எஸ்தர், நான் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் அம்மா அழுது தீர்த்தாள். "பொம்பளப் பிள்ளைய ஆகாசத்துல அனுப்பவா பெத்தேன்" என்றாள். அவளைச் சமாதானப்படுத்த நான் வீறாப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "எங்க ஆபீசுல காத்தப் பாத்துச் சொன்னாத்தாம்மா பிளேனே கெளம்பும். நான் பாக்காம அவள அனுப்புவனா?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நம்பிக்கை மறுநாள் காலையில் என் நெஞ்சில் பாறாங்கல்லாக உட்காரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

காலையில் எஸ்தர் கொட்டகைக்கு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு சின்னப் பை.

"அண்ணே, கராச்சி எம்புட்டு தூரம்?"

"இன்னைக்கு பம்பாய், நாளைக்கு கராச்சி. அம்புட்டுத்தான்" என்றேன்.

தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த தாமோதரன் சார் திரும்பாமலே, "எந்த உயரத்துலம்மா போறீங்க?" என்றார்.

"அதெல்லாம் எனக்கு என்ன சார் தெரியும், தூக்கிட்டுப் போற ஒசரத்துல போறேன்" என்று சிரித்துவிட்டு அவள் விமானத்துக்கு நடந்தாள். அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

தரையில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆடிக் காலையில் அப்படித்தான், கீழே மூச்சுக் காட்டாமல் இருக்கும். பலூன் விட்டோம். கொஞ்ச உயரம் நேராக ஏறியது. பிறகு கிழக்கே பிடுங்கிக்கொண்டு ஓடியது. மூவாயிரம் அடியிலிருந்து ஆறாயிரம் அடிவரை மேற்கிலிருந்து அப்படி ஒரு காற்று. பத்தாயிரத்துக்குப் போனதும் தளர்ந்துவிட்டது. வடமேற்கே பம்பாய்க்குப் போகிறவனுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. விமானத்தில் ஐந்து பேர் பாரம் ஏறியதால் எரிபொருளைக் குறைத்துத்தான் நிரப்பியிருந்தார்கள். வழியில் இறங்கக்கூடிய திடல்கள் எல்லாம் மழையில் மூடிக்கிடந்தன. உயரே போனால் பம்பாய். தாழப் போனால் அந்த எதிர்காற்றில் எண்ணெய் தீர்ந்து நடு மலையில்.

வழக்கமாக இதை எழுதி, கையெழுத்துப் போட்டு, கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்று விமானிக்கு அவசரம். எழுதி முடிப்பதற்குள் டெலிபோன் அடித்தது. பேசியது மாயழகு, அங்கே டெலிபோன் பார்த்தவன், கீழமாசி வீதிக்காரன், நல்ல பையன். இங்கிலீஷில் ஆரம்பித்தான். கம்பி இரைந்ததால் தமிழுக்கு மாறினான். "மேல எப்படி, கீழ எப்படின்னு மட்டும் சொல்லுங்க சார், கேப்டன் நிக்கிறாரு" என்று கத்தியது எனக்கே கேட்டது. வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தாமோதரன் சார் சொன்னார்: "மேல்காத்துதான் பலமா இருக்கு. கீழ்க்காத்து கிடையவே கிடையாது."

படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். பாளையங்கோட்டையானாலும் மதுரையானாலும் மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது, கீழ்க்காற்று என்றால் கிழக்கிலிருந்து வருவது. ஊரின் மேற்கே உள்ள மேலமாசி வீதி என்ன மாடியிலா இருக்கிறது? ஆனால் விமானத் திடலில் நாள் பூராவும் உயரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் மாயழகுக்கு, மேல் என்றால் உயரம், கீழ் என்றால் தரைக்குப் பக்கம். இவர் சொன்னது திசை, அவன் கேட்டது உயரம். இரண்டு பேரும் சுத்தமான தமிழ்தான் பேசினார்கள்.

சற்று நேரத்தில் மறுபடியும் டெலிபோன். மாயழகுதான். "சார், கேப்டன் ரொம்ப சந்தோஷப்பட்டாரு. தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு. கெளம்பிட்டாங்க."

தாமோதரன் சார் போனை வைக்கப் போனார். பிறகு வைக்காமல் நிறுத்தினார். "எதுக்குடே சந்தோஷம்?" என்று கேட்டார்.

எதிர்காற்று என்று கேட்டு எந்த விமானி சந்தோஷப்படுவான்? அது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

"கீழ காத்தே இல்லேன்னு சொன்னீங்கள்ல சார். நோயாளிகளுக்குக் குளிராம தாழ்வாவே போயிரலாம்னு சொன்னாரு."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "நிறுத்தச் சொல்லு, உடனே நிறுத்தச் சொல்லு" என்றார். விமானத்தோடு பேசும் கருவி காலையிலிருந்தே மக்கர் செய்துகொண்டிருந்தது. மாயழகு அழுகிற குரலில் ஏதோ சொன்னான். அதற்குள் என்ஜின் சத்தம் எங்களைத் தாண்டிப் போய் ஓடுபாதையின் முனையில் நின்று உறுமியது. எஸ்தர் அதற்குள் இருந்தாள். நான் பாக்காம அவள அனுப்புவனா என்று அம்மாவிடம் சொன்னது மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

மேகம் வெளுத்துக்கொண்டு வந்ததால் அடுத்த தடவை விடுவதற்கென்று ஒரு சிவப்புப் பலூனை நிரப்பி வைத்திருந்தோம். தாமோதரன் சார் அதை நூலோடு பிடுங்கிக்கொண்டு ஓடினார். செருப்பு ஒரு பக்கம் போயிற்று. விமானத்துக்கு வெகுதூரம் முன்னால், ஓடுபாதையின் நட்ட நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கினார். தலைக்கு மேலே சிவப்புப் பலூன். எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். நகர ஆரம்பித்த விமானம் குலுங்கி நின்றது.

என்ஜின் அடங்கும்வரை அவர் அசையவில்லை. ஹைட்ரஜனோடு நெருப்பின் பக்கம் போகக் கூடாது என்பது அந்த நேரத்திலும் அவருக்கு மறக்கவில்லை. கேப்டன் குதித்து இறங்கி வந்தார், முகமெல்லாம் சிவந்து. பைத்தியமா உனக்கு என்றார். கீழே காற்று இல்லை என்று சொன்னது நீதானே என்றார்.

மாயழகும் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றான். அவன் தப்பாகக் கேட்டுவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், யுத்த கால விதிப்படி அந்தப் பையனின் கதை முடிந்திருக்கும். தாமோதரன் சார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "சொன்ன வார்த்தை என்னுடையது. அது தெளிவாக இல்லை" என்று இங்கிலீஷில் சொன்னார். கேப்டன் மேலே பேசுவதற்குள், "தயவுசெய்து இதைப் பாருங்கள்" என்று நூலை விட்டார்.

பலூன் செங்குத்தாக ஏறியது. காற்றில்லாத காலைக்கு ஏற்றபடி சாதுவாக ஏறியது. கேப்டன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். ஏறிக்கொண்டே இருந்த பலூன் திடீரென்று, யாரோ காதைப் பிடித்து இழுத்ததுபோல், கிழக்கே திரும்பியது. பிறகு ஏறுகிறதா ஓடுகிறதா என்று தெரியாதபடி ஓடியது. கேப்டனின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது.

அவ்வளவுதான். வாதாடவில்லை, விளக்கவில்லை. எழுதி வைத்திருந்த சீட்டை நான் நீட்டினேன். பத்தாயிரம் அடியில் போனால் பம்பாய்க்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்பதை அதன் அடியில் அவர் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். கேப்டன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு போனார். விமானம் எழும்பியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஏறி ஏறி, வடமேற்கில் மறைந்தது. "போயிட்டு" என்றார் தாமோதரன் சார்.

இரண்டு பேரும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டோம். வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டேன். "போயி அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவீக? பம்பாய்லருந்து செய்தி வரட்டும். அடுத்த பலூனுக்கு எடை பாருங்க, ஞானதுரை" என்றார். எடை பார்த்தேன், கோணம் எழுதினேன். அந்தப் பகலை அப்படித்தான் கடத்தினேன். இல்லையென்றால் புத்தி பேதலித்திருக்கும். சாயங்காலம் பம்பாயிலிருந்து செய்தி வந்தது. அவர் எழுதிக் கொடுத்த நேரத்துக்கே இறங்கிவிட்டார்கள். தொட்டியில் மிச்சமிருந்தது அடிமட்டத்து எண்ணெய்தான் என்றும், அந்த மனிதருக்கு நன்றி சொல்லவும் என்றும் கேப்டன் சொல்லி அனுப்பியிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் போய்த் தாராளமாக அழுதேன். திரும்பி வந்தபோது அவர் எனக்காக ஒரு டீ வாங்கி வைத்திருந்தார்.

மறுநாளே விதி மாறியது. டெலிபோனில் மேல், கீழ் என்ற வார்த்தைகளை யாரும் சொல்லக் கூடாது. மேற்கு, கிழக்கு, உயரே, தாழ, இவ்வளவுதான். "அப்ப நான் குடியிருக்கிற தெருப் பேர எப்படி சார் சொல்றது?" என்று மாயழகு கேட்டான். முந்தின நாள் செத்துப் பிழைத்தவனுக்கு அதற்குள் குசும்பு. அவன் மேல் எந்த விசாரணையும் வரவில்லை. தாமோதரன் சாருக்கு மேலிடத்திலிருந்து கண்டிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். எஸ்தர் திரும்பி வந்ததும் இதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்றார். "உங்க பேருக்கு ஒண்ணும் வராது சார்" என்றேன்.

"என் பேர் கெடக்கட்டும். அவங்க இன்னும் பறக்க வேண்டியிருக்கும். இதத் தெரிஞ்சுக்கிட்டு மறுபடி ஏறுவாங்களா? காயம்பட்டு வார அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கா?"

அவர் சொன்னதுபோலவேதான் ஆயிற்று. யுத்தம் முடிவதற்குள் அவள் இன்னும் பல தடவை காயம்பட்டவர்களோடு போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

அந்த முதல் பயணம் முடிந்து அவள் ரயிலில் திரும்பி வந்து, நேராகக் கொட்டகைக்கு வந்தாள். வந்ததும் சண்டை. "எந்தப் புண்ணியவான் சார் அம்புட்டு ஒசரத்துல போகச் சொன்னது? குளிர்ல பல்லு கிட்டிப் போச்சு. இருந்த கம்பளி எல்லாத்தையும் அவங்களுக்குப் போத்திட்டு நான் வெறும் சேலையோட உக்காந்திருந்தேன்."

தாமோதரன் சார் எழுந்து நின்றார். "நான்தாம்மா. குளிரும்னு சொல்லத் தோணாமப் போச்சு. மன்னிக்கணும்" என்றார்.

அவள் பதறிப் போனாள். பேச்சை மாற்ற வேண்டுமென்றோ என்னவோ, முகம் மலர்ந்து, "ஆனா ஒண்ணு சார், கெளம்பும்போது பிளேன நிப்பாட்டி செவப்பு பலூன் விட்டு அனுப்பி வச்சீங்களே, அத மட்டும் மறக்கவே மாட்டேன். சன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்காகத்தான விட்டீங்க?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் அவளையே பார்த்தார்.

"ஆமாம்மா, உங்களுக்காகத்தான் விட்டோம்" என்றார்.

அவரோடு வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.